லியூடோல்ஃபிங் குடிவழி: பெயர்ச் சான்றின் பயனும் எல்லையும்

முன்னுரை

குடும்பப் பெயர் வழங்காத காலத்தில் ஒரு பிரபுக் குடியின் மரபுவழியைக் கண்டறிவதில் எழும் இடர்ப்பாடுகளுக்குச் சாக்சனி நாட்டு லியூடோல்ஃபிங் குடி தக்க எடுத்துக்காட்டாகும். கி.பி. 919இல் அரசரான முதலாம் ஹென்றியும், 962இல் பேரரசராக முடிசூடிய முதலாம் ஓட்டோவும் இக்குடியினரே. குடி முதல்வராக ஐயமின்றி அறியப்படுபவர் 866இல் மறைந்த லியூடோல்ஃப் ஆவார். அவருக்கு முற்பட்ட தலைமுறைகளைப் பெயர் ஒற்றுமையால் நிறுவ இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மடத்துச் சான்றுகள்

லியூடோல்ஃபும் அவர்தம் மனைவி ஓடாவும் நிறுவிய காண்டர்ஷைம் பெண்துறவியர் மடமே இக்குடியின் நினைவுக் கருவூலமாக விளங்கியது. அவர்களின் மகளிரான ஹத்துமோட், கெர்பெர்கா, கிறிஸ்டினா ஆகிய மூவரும் அடுத்தடுத்து அதன் தலைவியராயினர். 874இல் ஹத்துமோட் மறைந்தபின் அகியுஸ் என்னும் துறவி அவர்தம் வரலாற்றை எழுதினார். பத்தாம் நூற்றாண்டில் அம்மடத்துப் புலவர் ஹிரோட்ஸ்விட், மடத்தின் தோற்றத்தை இலத்தீன் செய்யுளில் பாடினார். இறந்த உறவினர்க்காக வேண்டுதல் இத்தகைய மடங்களின் கடமையாதலின், உறவுமுறைகள் அங்கு மறவாது காக்கப்பட்டன.

பெயரும் ஊகமும்

இக்குடியில் முன்னோர் பெயர்கள் மீண்டும் மீண்டும் இடப்பட்டன. லியூடோல்ஃபின் மகன் புரூன் 880இல் டேனியருடன் நிகழ்ந்த போரில் இறந்தார். முதலாம் ஓட்டோவின் தம்பியும் அப்பெயரே பெற்றார். 775இல் அரசர் சார்லமேனுக்குப் பணிந்த அங்காரியர் தலைவரின் பெயரும் புரூன் என்றே பிராங்கிய ஆண்டுக் குறிப்புகள் சுட்டுகின்றன. இதுகொண்டு அவரை லியூடோல்ஃபின் மூதாதையாகக் கருதுவோர் உளர். எனினும், அப்பெயர் ஒரு குடிக்கே உரியதன்று. மேலும், தாய்வழி முன்னோர் பெயரும் பிள்ளைகளுக்கு இடப்பட்டமையால், பெயர் ஒன்றாயினும் தந்தைவழி ஒன்றாதல் வேண்டுவதில்லை. ஓடாவின் தந்தை பெயர் பில்லுங் என்பதால், அவரைப் பிற்காலச் சாக்சனியப் பில்லுங் குடியோடு இணைப்பதும் இத்தகையதே. ஹிரோட்ஸ்விட் ஓடாவைப் பிராங்கியக் குலத்தவராகவே குறிப்பிடுகிறார்.

முடிவுரை

பெயர் ஒற்றுமை உறவைத் தேடத் தூண்டும் குறிப்பேயன்றி உறவை நிறுவும் சான்றன்று. சமகால எழுத்தோ, நில உரிமைத் தொடர்ச்சியோ, மடங்களின் நினைவேட்டுப் பதிவோ துணைநிற்கும்போதே அது வலுப்பெறும். ஆகவே, லியூடோல்ஃபுக்கு மேற்பட்ட கொடிவழியை ஊகம் எனக் குறித்தலே ஆய்வு நெறியாகும்.