இருட்டில் ஓடுவோர் கவனிக்க!

மார்கழி மாதத்து விடியற்காலை. மணி ஐந்து. மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தில் இன்னும் வீதி விளக்குகள்தான் மிதந்துகொண்டிருக்கின்றன. மாட வீதிகளில் வாசல் தெளிக்கும் ஓசை கேட்கிறது. இந்த வேளையில் வீட்டை விட்டுக் கிளம்புகிற ஜனங்களை எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாயிருக்கும். கோயிலுக்குப் போகிறவர்கள் பாதி என்றால், தேக சுகத்துக்காகப் போகிறவர்கள் மற்றப் பாதி. ஒருவர் நாகேசுவரராவ் பூங்காவை நோக்கி வேக நடை நடக்கிறார். இன்னொருவர் கலங்கரை விளக்கத்தை நோக்கி ஓடுகிறார். மூன்றாமவர் சைக்கிளில் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டிப் பெஸன்ட் நகருக்குப் பறக்கிறார்.

இவையெல்லாம் மிகவும் சந்தோஷப்பட வேண்டிய காட்சிகள். உட்கார்ந்து வேலை பார்த்தே நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் தேடிக்கொண்ட நம் வகுப்பார், இப்போதாவது கால்களின் உபயோகத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்களே! ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. சென்னையில் ஜூன் மாத ஆரம்பத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் எழுந்துவிடுகிற சூரிய பகவான், ஜனவரியில் ஆறரை மணிக்குத்தான் கண் விழிக்கிறார். நம் வீட்டு அலாரமோ வருஷம் முழுவதும் ஒரே நேரத்தில்தான் அடிக்கிறது. ஆகையால் ஆனி மாதத்தில் வெளிச்சத்தில் ஓடிய அதே மனிதர், அதே சட்டையுடன், அதே வீதியில், மார்கழியில் நல்ல இருட்டில் ஓடுகிறார். அவர் மாறவில்லை, உலகம் மாறிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன்பு, வைத்தியருடைய கட்டளையின் பேரில் நாமும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம். அழுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று கருநீலச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் வாங்கிக்கொண்டோம். ஒரு நாள் விடியற்காலை, அடையாற்றில் மரங்கள் கவிந்த ஒரு வீதியைக் குறுக்கே கடந்தோம். தூரத்தில் ஒரு மோட்டார் வருவது தெரிந்தது. விளக்குகள் இரண்டும் ஜகஜ்ஜோதியாய் எரிந்தன. "இவ்வளவு வெளிச்சத்தில் நம்மைப் பார்க்காமல் இருப்பாரா?" என்று நிதானமாகவே நடந்தோம். அடுத்த க்ஷணம் பிரேக் வீரிட்டது. வண்டி நமது முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. வண்டியிலிருந்து இறங்கிய பெரியவருக்கு நம்மைக் காட்டிலும் அதிகமாகக் கை கால் நடுங்கியது. "சார், நீங்க இருந்ததே தெரியலையே, சார்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கோபித்துக்கொள்ள நமக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது உண்மை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

தாழ்வாரத்தில் ஒரு பரீட்சை

உபாத்தியாயருக்கு ஒரு சந்தேகம் வந்தால், அதைப் பையன்களிடம் கொண்டுபோகாமல் தீராது. மழைக்கால மாலை ஒன்றில், பள்ளிக்கூடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு மூன்று மாணவர்களைக் கடைக்கோடியில் நிறுத்தினோம். ஒருவனுக்குக் கருநீலச் சட்டை. ஒருவனுக்கு வெள்ளைச் சட்டை. மூன்றாமவனுக்குக் கணுக்காலில் சாலை வேலைக்காரர்கள் அணியும் பளபளப்புப் பட்டை. இந்தக் கோடியில் நான்காம் மாணவன் சிறிய டார்ச்சு விளக்கைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு மெதுவாக முன்னேறினான். "உன்னை அவன் பார்த்துவிட்டான் என்று எப்போது தோன்றுகிறதோ அப்போது கையைத் தூக்கு" என்பது மூவருக்கும் உத்தரவு.

பட்டை கட்டியவனின் கால் முதலிலேயே மின்னல் மாதிரி பளிச்சிட்டது. வெள்ளைச் சட்டைக்காரன் பாதி தூரத்தில் புலப்பட்டான். கருநீலச் சட்டைக்காரன் ஏறக்குறையக் கைக்கெட்டும் தூரம் வரையில் தென்படவேயில்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், எல்லோருக்கும் முந்திக் கையைத் தூக்கியவன் அந்தக் கருநீலச் சட்டைக்காரன்தான்! "ஏனப்பா தூக்கினாய்?" என்று கேட்டோம். "நான் டார்ச்சைப் பார்த்தேனே, சார்!" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுவதும் அடங்கிவிட்டது. நாம் விளக்கைப் பார்க்கிறோம். அதனால் விளக்கு நம்மைப் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். காண்பது வேறு, காணப்படுவது வேறு. அமெரிக்காவில் இது பற்றிப் பல தடவை ஆராய்ச்சி நடத்தியிருக்கிறார்கள். இரவில் நடப்பவர்களில் பெரும்பாலோர், தம்மை ஓட்டுநர் உண்மையில் காணக்கூடியதைவிட வெகு தூரத்திலிருந்தே கண்டுவிடுவார் என்று மதிப்பிட்டார்களாம். அடையாற்று வீதியில் நாம் போட்ட கணக்கும் அதே தப்புக் கணக்குத்தான்.

சரியான கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற மோட்டார் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுகிறவர் ஆபத்தை உணர்ந்து காலைப் பிரேக்கில் வைப்பதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். பிறகு உலர்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 45 மீட்டர். மழை பெய்திருந்தால் இன்னும் அதிகம். 'டிம்' செய்த விளக்கில் கறுப்பு உடை அணிந்தவர் தென்படுவதோ 30 மீட்டருக்குள்தான். கழித்துப் பாருங்கள். வெள்ளை உடை அணிந்தவர் ஏறக்குறைய 50 மீட்டரில் தெரிகிறார், மயிரிழையில் தப்பலாம். பளபளப்புப் பட்டை அணிந்தவரோ 150 மீட்டருக்கு அப்பாலேயே தெரிந்துவிடுகிறார்.

கண்ணின் குணம்

இதற்குக் காரணம் நம் கண்ணின் அமைப்பில் இருக்கிறது. விழித்திரையில் இரண்டு வித உயிரணுக்கள் உண்டு. பகல் வெளிச்சத்துக்கும் நிற பேதத்துக்கும் உரியவை கூம்பு வடிவானவை. மங்கலில் வேலை செய்பவை குச்சி வடிவானவை. இருட்டில் குச்சி அணுக்கள் முழு பலத்துடன் விழித்துக்கொள்ள இருபது முப்பது நிமிஷங்கள் ஆகும். ஆனால் எதிரில் ஒரு மோட்டார் விளக்கோ, கையில் ஒரு கைப்பேசியின் வெளிச்சமோ பட்டால் ஒரே நொடியில் அவை திரும்பவும் தூங்கிப்போகும்.

வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது. அறுபது வயதுக் கண்ணின் உட்புறத்தை அடைகிற வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்மை இடிக்கப் பார்த்த பெரியவர் பேரில் குற்றம் சொல்ல இயலாததற்கு இது இன்னொரு காரணம்.

நிறத்திலும் ஒரு சூது இருக்கிறது. குச்சி அணுக்களுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. பகலில் கண்ணைப் பறிக்கும் செம்பருத்திப் பூ, அந்தி மயங்கினதும் இலையைக் காட்டிலும் கறுத்துத் தோன்றுவதைத் தோட்டமுள்ள வீட்டார் கவனித்திருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கண்டு எழுதிய செக் நாட்டுப் பேரறிஞர் புர்க்கின்யே. ஆகையால் 'பளிச்சென்ற சிவப்புச் சட்டை போட்டிருக்கிறேன்' என்று யாரும் இருட்டில் தைரியமாயிருக்க வேண்டாம்.

தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்தில் மாலை வேளையில் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 'கடைசி ஓவர், கடைசி ஓவர்' என்று இருட்டும் வரையில் இழுத்துக்கொண்டே போவார்கள். சிவப்புப் பந்து அப்போது அரைக் கறுப்புப் பந்தாகிவிடும். பெரிய பந்தயங்களில் வெளிச்சம் அபாயமாகக் குறைந்தால் ஆட்டத்தை நிறுத்த நடுவர் இருக்கிறார். 2015 நவம்பரில் அடிலெய்டில் முதன்முதலாகப் பகலிரவு டெஸ்ட் பந்தயம் ஆடியபோது, சிவப்புப் பந்தை விட்டு இளஞ்சிவப்புப் பந்தை எடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நடுவர் வீட்டிலிருக்கும் தாயார்தான். பந்தின் தையல் தெரியாத வேளை வந்தால், கூப்பிட்டுக்கொள்வதே நியாயம்.

பட்டையை எங்கே கட்டுவது?

பளபளப்புப் பட்டை என்று சொன்னோமே, அதைக் கடைக்காரர்கள் ரிஃப்ளெக்டர் என்பார்கள். சாதாரணத் துணி, தன்மேல் பட்ட வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதற அடிக்கிறது. இந்தப் பட்டையோ வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. அதாவது ஓட்டுகிறவர் கண்ணுக்கே நேராக. இருட்டில் பூனையின் கண் மின்னுவது இதைப் போன்ற ஒரு வித்தையினால்தான். 1934-ல் இங்கிலாந்தில் பெர்ஸி ஷா என்பவர் சாலை நடுவே பதிக்கும் கண்ணாடிக் குமிழ்களுக்குப் 'பூனைக் கண்' என்றே பெயர் வைத்தார். குளிர்காலத்தில் வெகு நேரம் இருண்டு கிடக்கும் பின்லாந்து தேசத்தில், இருட்டில் சாலையில் நடப்பவர்கள் இத்தகைய சாதனம் அணிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

ஆனால் மார்பில் ஒட்டிக்கொண்டால் மட்டும் போதாது. ஸ்வீடன் தேசத்து மனோதத்துவ அறிஞர் குன்னார் யோஹான்ஸன் 1973-ல் ஓர் அழகான பரிசோதனையைப் பிரசுரித்தார். ஒரு மனிதனின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் முதலிய மூட்டுக்களில் ஒளிப்புள்ளிகளை மட்டும் காட்டி இருட்டில் நடக்கச் செய்தார். அவன் நிற்கும்போது வெறும் புள்ளிகள். ஓர் அடி எடுத்து வைத்ததும் 'அதோ மனிதன்!' என்று பார்த்தவர்கள் உடனே சொல்லிவிட்டார்கள். மார்பிலுள்ள பட்டை 'ஏதோ மின்னுகிறது' என்று மட்டும் சொல்லும். கணுக்காலிலும் மணிக்கட்டிலும் உள்ள பட்டை 'ஒரு மனிதன் வருகிறான்' என்று சொல்லும். ஓட்டுகிறவருக்குக் குப்பைத் தொட்டியும் மனிதனும் வேறு வேறு என்று அந்த அரை விநாடியில் தெரிய வேண்டாமா?

சைக்கிள்காரர்களுக்கும் இதே விதிதான். மிதிகட்டையில் உள்ள பட்டை மேலும் கீழும் ஆடி, வருவது சைக்கிள் என்று அறிவிக்கிறது. சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்கென்று இந்திய அரசாங்கம் 2020-ல் ஒரு தரக் கட்டளையே பிறப்பித்தது. அழகுக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றி எறிகிற வாலிபர்களை என்னவென்று சொல்வது! முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு இரண்டும் இல்லாமல் விடியுமுன் சைக்கிளை எடுக்கலாகாது.

சில நியமங்கள்

நடைபாதை இருந்தால் அதில் போக வேண்டும். தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் 2019-ல் திறந்த அகன்ற நடைபாதை போல எல்லா வீதிகளிலும் இருந்தால் பாதிக் கவலை தீரும். இல்லாத இடத்தில் நடப்பவரும் ஓடுபவரும் சாலையின் வலது ஓரமாக, வண்டிகளுக்கு எதிர்முகமாகச் செல்ல வேண்டும். 'இடப்புறம் செல்' என்பது வண்டிகளுக்கு ஏற்பட்ட விதி. முதுகுக்குப் பின்னால் வரும் ஆபத்தை எந்தச் சூரனாலும் பார்க்க முடியாது.

இருட்டில் காதுதான் இரண்டாவது கண். அதைப் பாட்டுக் கேட்கும் கருவியால் அடைத்துக்கொள்ளலாமா? பாபநாசம் சிவன் மாட வீதிகளில் மார்கழி பஜனை நடத்திய காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வெள்ளை வேஷ்டி, கூட்டம், ஜாலராவின் ஓசை என்று பாதுகாப்புக்கு வேண்டிய மூன்றும் அந்தப் பஜனை கோஷ்டியில் தானாகவே அமைந்திருந்தன. நாம் பாடிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இரண்டு பேர் சேர்ந்து போனாலே போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு ஆபத்து. தேங்கிய தண்ணீரின் அடியில் சாலை இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. 2022 அக்டோபரில், அசோக் நகர்ப் பக்கம் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டியிருந்த பள்ளத்தில் இரவு வேளையில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் மாண்டுபோனதைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளத்தைச் சுற்றித் தடுப்பும் விளக்கும் வைப்பது தோண்டுகிறவர்கள் கடமை. அவர்கள் அதைச் செய்யும் வரையில், பகலில் நடந்து பழகிய பாதையைத் தவிர வேறு பாதையில் இரவில் ஓடாமலிருப்பது நம் விவேகம்.

போகிப் பண்டிகையன்று டயரும் பழம் பாயும் எரிகிற புகையில் வீதியே மறைந்துவிடுகிறது. 2018-ல் அந்தப் புகையினால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின. விமானத்துக்கே வழி தெரியாத காலையில் நமக்கு என்ன ஓட்டம்? அன்று வீட்டில் இருப்பது கண்ணுக்கும் நல்லது, நுரையீரலுக்கும் நல்லது.

இருட்டு எங்கும் சத்துரு என்று நாம் சொல்லவில்லை. மாணவர்கள் 1988-ல் ஆரம்பித்த கடலாமைப் பாதுகாப்புக் குழுவார், பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலத்தில் நீலாங்கரையிலிருந்து பெஸன்ட் நகர் வரையில் நடுநிசியில் மணலில் நடக்கிறார்கள். வெளிச்சம் ஆமைகளைக் குழப்பும் என்பதற்காகக் கூடிய வரையில் விளக்கில்லாமலே நடக்கிறார்கள். கண் பழகிவிட்டால் நக்ஷத்திர ஒளியே அவர்களுக்குப் போதுமாயிருக்கிறது. மணலில் மோட்டார் இல்லை. ஆகவே அங்கே காண்பது மட்டும் போதும். சாலையில் காணப்படவும் வேண்டும். ஆனால் அந்த மணலிலிருந்து இறங்கி, இருட்டில் கடலுக்குள் போவது வேறு கதை. எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெள்ளை மண்டபம், 1930 டிசம்பர் 30-ந் தேதி பிறர் உயிரைக் காப்பாற்றப் போய் மூழ்கிய ஷ்மிட் என்ற டேனிஷ்காரரின் ஞாபகச் சின்னம். அந்த வீரர் ஆபத்திலிருந்தவர்களைக் கண்டதனால்தான் காப்பாற்ற முடிந்தது. இருட்டில் அலைக்குள் அகப்பட்டவரை எந்த வீரர் காணப் போகிறார்?

மேற்படி சம்பவத்துக்குப் பிறகு நமது கருநீலச் சட்டை வீட்டில் தரை துடைக்கப் போய்விட்டது. இப்போது வெள்ளைச் சட்டை; கணுக்கால்களிலும் மணிக்கட்டுகளிலும் நான்கு பட்டைகள். முதல் நாள் அந்தக் கோலத்தில் கிளம்பியபோது, நம் மனைவியார் வாசலில் கோலமாவுக் கிண்ணத்துடன் நிமிர்ந்து பார்த்து, "ராத்திரியிலே ரோடு போடுகிறவர் மாதிரி இருக்கிறதே!" என்று சிரித்தார். "இருக்கட்டும், அவரை யாரும் இடிப்பதில்லை" என்றோம். மறுநாள் காலையில் பார்த்தால், குனிந்து கோலம் போடுகிற அவருடைய கையிலும் இரண்டு பட்டைகள் மின்னிக்கொண்டிருந்தன.