மூக்குக்குப் பழகிடும், நுரையீரலுக்கு?

காட்பாடியில ரயில் ஏறி ஆம்பூர் போயிருக்கீங்களா? அந்த டேனரி வாடை ஒரு வாரத்துல மூக்குக்குப் பழகிடும். நுரையீரலுக்குப் பழகாது.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளுறதுதான் அதுங்க வேலை. அதையும் தாண்டிப் போனதை மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கும். வருஷக்கணக்கா பஃபிங் தூசியும் லாரிப் புகையும் சுவாசிச்சா மயிரிழைகள் சேதமாகும், மேக்ரோஃபேஜ்களின் வேகமும் குறையும். அந்த நேரம் பார்த்து வைரஸ் வந்தா, காவலுக்கு ஆள் இல்லை. 2003 சார்ஸ் பரவலில், காற்று மிகவும் மாசுபட்ட சீனப் பகுதிகளின் நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் சுமார் இரண்டு மடங்கு இருந்ததா ஓர் ஆய்வு சொல்லுது. (ஊருக்கு ஊர் ஒப்பீடுதான், தனி ஆளுக்கு அப்படியே பொருந்தாது.)

குரோமியம் வேற கதை. டேனரித் தொழிலாளிகளுக்குக் கை அரிச்சுப் புண்ணாகுதே, பல நேரம் அது நோய் எதிர்ப்பு மண்டலமே குரோமியத்தை எதிரியா நினைச்சுப் போடுற சண்டை.

மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்கணும்னு வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 ஆகஸ்ட் 28. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்பு. ரெண்டிலும் மையம் கழிவுநீர்தான். பஃபிங் ரூம் தூசியை அளக்க ஒரு சென்சார் போதும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுறவங்க யோசிங்க.