இளைஞர் மன்றத்திற்கேற்ற மாதிரி ராக்கெட்டு

மாதிரி ராக்கெட்டுத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் இளைஞர் மன்றத்தார், அது எட்டும் உயரத்தையே பெரிதும் நோக்குவர். அது நேராகச் செல்லுமா, தீங்கின்றி இறங்குமா என்பதே முதலில் ஆராயத்தக்கது.

1950-களின் பிற்பகுதியில் அமெரிக்க மாணவர் பலர் உலோகக் குழாய்களில் தாமே எரிபொருளை அடைத்து ஏவி விபத்துக்குள்ளாயினர். அதனைத் தவிர்க்கவே, ஆலையில் கருமருந்து அடைத்த பொறியும் காகித உடலும் கொண்ட தொகுப்புகள் தோன்றின.

பொறியின் ஆற்றலை அதன் குறியெழுத்து காட்டும். மொத்தக் கணத்தாக்கு ‘ஏ’ வகையில் 2.5 நியூட்டன்-வினாடி வரையிலும், ‘பி’ வகையில் 5 வரையிலும், ‘சி’ வகையில் 10 வரையிலும் இருக்கும். புதியோர்க்கு ‘ஏ’ வகையே போதும். சராசரி உந்துவிசை ராக்கெட்டின் எடையைப் போல் 5 மடங்கேனும் இருத்தல் வேண்டும். எடை மையம், காற்றின் அழுத்த மையத்தினும் உடற்குழாயின் ஒரு விட்ட அளவேனும் மூக்குப் பக்கமாக அமைந்தால் ராக்கெட்டு புரளாது. மெல்ல இறங்கப் பாராசூட்டு அல்லது காற்றிற் படபடக்கும் நீண்ட பட்டை இன்றியமையாதது.

இந்தியாவில் கருமருந்து, 1884ஆம் ஆண்டு வெடிமருந்துச் சட்டத்திற்கு உட்பட்டது. உரிய அனுமதி பெறாத மன்றங்கள் நீர் ராக்கெட்டைத் தேர்தல் நலம். மென்பானப் பிளாஸ்டிக் புட்டியில் மூன்றிலொரு பங்கு நீர் ஊற்றிச் சைக்கிள் பம்பினால் காற்றடைத்து ஏவினால், நியூட்டனின் மூன்றாம் விதியை அதுவும் தெளிவாக விளக்கும். அடைபட்ட காற்றும் வலிமையுடையதாதலின், மாணவரை விலகி நிற்கச் செய்தல் ஆசிரியரின் கடமையாகும்.