அளவுகோல் இல்லாமல் அளவெடுக்கும் செல்

சீனோரேப்டைடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவின் நீளமே ஒரு மில்லிமீட்டர்தான். அதன் முட்டையோ சுமார் 50 மைக்ரான். முட்டை ஒளி புகக்கூடியது என்பதால், கரு இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிவதை நுண்ணோக்கி வழியே அப்படியே பார்க்கலாம். சென்ட்ரோசோம் புரதத்துடன் பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்துவிட்டால், பிரியப்போகும் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு புள்ளிகள் மின்னும். செல் சிறுக்கச் சிறுக்கப் புள்ளிகளும் சிறுக்கும்.

எவ்வளவு சிறுக்க வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது?

சென்ட்ரோசோமுக்கு 1888இல் பெயர் வைத்தவர் ஜெர்மானிய உயிரியலாளர் தியோடர் போவெரி. அதன் நடுவே சென்ட்ரியோல் என்னும் நுண்ணிய உருளைகள் இரண்டு. அவற்றைச் சூழ்ந்து அடர்ந்த புரதத் திரள். செல் பிரியும் நேரம் நெருங்கும்போது இந்தத் திரள் பருக்கிறது. குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் நுண்குழல்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. புழுவின் கருவில் சென்ட்ரோசோமின் அளவுதான் அந்த நுண்குழல்களாலான கதிர்கோலின் நீளத்தையே நிர்ணயிக்கிறது என்று 2010இல் தெரியவந்தது. அதனால் அளவு தப்பினால் சிக்கல்தான்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் டோனி ஹைமன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு எளிய கணக்கொன்றைப் போட்டது. ஒரு கட்டத்தில் கருவிலுள்ள எல்லா சென்ட்ரோசோம்களின் கன அளவையும் கூட்டிப் பார்த்தார்கள். செல்கள் எத்தனையானாலும் கூட்டுத்தொகை மாறவில்லை. ஒரு செல்லுக்குள் சென்ட்ரோசோம்களின் எண்ணிக்கை மாறியபோதும் மொத்தம் அதேதான். பாத்திரத்தில் இருக்கும் மாவு ஒன்றுதான். உருண்டைகள் கூடினால் ஒவ்வொன்றும் சிறிதாகும். இங்கே மாவு, முட்டைக்குள் தாய்ப்புழு வைத்தனுப்பிய புரதங்கள். அவற்றில் எஸ்.பி.டி.-2 என்னும் புரதத்தை மட்டும் கூட்டியபோது சென்ட்ரோசோம்கள் பெருத்தன. சென்ட்ரோசோமின் அளவைக் கட்டிப்போடுவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு என்பது அதன் பொருள்.

ஆனால் ஒரு செல்லிலுள்ள இரண்டு சென்ட்ரோசோம்களும் ஒரே கையிருப்புக்குப் போட்டியிடுகின்றனவே. பெரியது சிறியதை விழுங்கிவிடாதா? எண்ணெய்த் துளிகளில் அப்படித்தான் நடக்கும். சென்ட்ரோசோமில் நடக்காததற்குக் காரணம் நடுவிலுள்ள சென்ட்ரியோல்கள் என்கிறது டேவிட் ஸ்விக்கர், ஃபிராங்க் யூலிஷர் ஆகியோர் 2014இல் முன்வைத்த இயற்பியல் மாதிரி. சுற்றிலும் புரதம் திரள்வதை அவை தொடர்ந்து தூண்டுவதால் இரு சென்ட்ரோசோம்களும் சமமாக வளர்கின்றன.

பழ ஈக்களின் கருவில் வேறொரு சங்கதி. ஆக்ஸ்ஃபோர்டில் ஜோர்டன் ராஃப் குழுவினர் கவனித்தது சென்ட்ரியோலின் வளர்ச்சியை. அதை நடத்தும் பி.எல்.கே.-4 என்னும் நொதியைப் பாதியாக்கினார்கள். சென்ட்ரியோல் மெதுவாக வளர்ந்தது; ஆனால் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வளர்ந்து, ஏறக்குறைய அதே நீளத்தை எட்டியது. வேகம் குறைந்தால் நேரம் கூடுகிறது. இந்த நொதியே கடிகாரமாகவும் இயங்குகிறது என்று 2018இல் எழுதினார்கள்.

மனிதரிலும் இத்தகைய புரதங்களுக்கு இணையானவை இருக்கின்றன. புழுவின் எஸ்.ஏ.எஸ்.-4 புரதத்தைக் குறைத்தால் சென்ட்ரோசோம் சிறிதாகிவிடும். மனிதரில் அதற்கு இணையான சி.இ.என்.பி.ஜே. மரபணு பழுதுபட்டால் குழந்தை மிகச் சிறிய மூளையுடன் பிறக்கிறது. மார்பகப் புற்றுக் கட்டிகளிலோ நேர்மாறாக, அளவிலும் எண்ணிக்கையிலும் மிகுந்த சென்ட்ரோசோம்களை ஆய்வாளர்கள் 1990களிலேயே கண்டிருக்கிறார்கள்.