பெண் ரண சிகிச்சை நிபுணரின் வருமானம்

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஒரே ரண சிகிச்சைக்கு ஆணாயினும் பெண்ணாயினும் நிபுணர் பெறும் அரசாங்கக் கட்டணம் ஒன்றே. ஆயினும், 2014 முதல் 2016 வரை அங்கு நடந்த சுமார் 15 லட்சம் சிகிச்சைகளைப் பற்றி 2019-ல் வெளியான ஆராய்ச்சி, சிகிச்சையில் செலவிட்ட ஒவ்வொரு மணிக்கும் பெண் நிபுணர்கள் 24 சதவீதம் குறைவாகவே ஈட்டினர் என்று கண்டது.

இதற்குக் காரணம் யாது? பெண்களின் கை மந்தமன்று. பொதுவான சிகிச்சைகளுக்கு இருபாலாரும் ஏறக்குறைய ஒரே நேரமே கொண்டனர். மிகுந்த கட்டணமுள்ள சிகிச்சைகள் பெண்களிடம் குறைவாக வந்தன என்பதே உண்மை. அக்காலத்தில் அம்மாகாணத்தின் நிபுணர்களில் ஆண்கள் ஏறத்தாழ 78 சதவீதத்தினராய் இருந்தனர். ஆனால் ஆண் மருத்துவர்கள் தாம் அனுப்பிய நோயாளிகளுள் 87 சதவீதத்தினரை ஆண் நிபுணரிடமே அனுப்பினர் என்று 2021-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி காட்டிற்று. ஆகவே, கட்டணத்தைச் சமமாக்கினால் மட்டும் போதாது. வேலை பங்கிடப்படும் முறையையும் கவனித்தல் வேண்டும்.