57 லட்சம், 25 லட்சமானது எப்படி? வீட்டுக் கதவைத் தட்டிய எச்.ஐ.வி கணக்கு!

ராஜகிரிக் கோட்டை உச்சியிலிருந்து பார்த்தால் செஞ்சி நகரம் கீழே விரிந்து கிடக்கிறது. இத்தனை வீடுகளில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி இருக்கும்? எல்லோரையும் சோதிக்க முடியாது. அப்படியென்றால் யாரைச் சோதிப்பது?

அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகள், பால்வினை நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள்... இவர்களின் ரத்தத்தை வைத்துத்தான் இந்தியா முழுக்கப் பல வருடங்கள் கணக்குப் போட்டார்கள். அப்படி 2006-ல் ஐ.நா-வின் எய்ட்ஸ் அமைப்பு சொன்ன எண்ணிக்கை, 57 லட்சம்!

மூன்றாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு (2005-06) நேராக வீடுகளுக்கே போனது. விரலில் ஒரு குத்து, வடிதாளில் சில சொட்டு ரத்தம். நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 15-49 வயதினரில் 0.34 சதவிகிதம் பேருக்குத் தொற்று இருந்தது. இந்த விவரங்களையும் சேர்த்துப் பார்த்ததும், 2007-ல் நாட்டின் மொத்த எண்ணிக்கை சுமார் 25 லட்சமாக இறங்கியது. நோய் திடீரெனப் பாதியாகவில்லை. எண்ணும் முறைதான் மாறியது.

ஆனால், ஒரு நெருடல். பெயரில்லாமல் எடுத்த ரத்தம் என்பதால், கொடுத்தவருக்கு முடிவு சொல்லப்படவில்லை.

ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வேயில் பிறகு நடந்த கணக்கெடுப்புகளில் வீட்டிலேயே சோதித்து, முடிவையும் சொல்லி, சிகிச்சைக்கு வழிகாட்டினார்கள். ரத்தம் எடுப்பவர் முதல் புள்ளிவிவரத்தை அலசுபவர் வரை இதற்கு உள்ளூர் ஆட்களே தேவை. முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்களுக்கு ஆப்பிரிக்காவில் உதவித்தொகையுடன் பயிற்சி தருவது அதற்காகத்தான்.

இங்கே அரசு நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம். விவரங்களுக்கு 1097.