பாரம் இழுக்கும் டிராக்டரும் எண்ணெய்ச் சிக்கனமும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அறுவடைக் காலம் வந்துவிட்டால், சாலைகளில் டிரெய்லர் பூட்டிய டிராக்டர்களே மிகுதியாகக் கண்ணிற்படும். எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பும், விற்பனைக் கூடங்களுக்குப் பருத்தியும் மக்காச்சோளமும் அவற்றிலேயே செல்கின்றன. உழவுக்கென வாங்கிய டிராக்டர் பாரவண்டியாகவும் உழைக்க வேண்டியிருக்கிறது. அவ்வுழைப்பில் வீணாகும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் முடிவில் குடியானவனின் வருவாயிலிருந்தே கழிகிறது. எஞ்சின் பழுதாகிவிட்டாலோ ஒரு பருவத்தின் ஆதாயமே அதற்குச் செலவாகிவிடக்கூடும்.

பாரம் இழுக்கும்போது எண்ணெய் எங்கே செலவாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒரு டன் பாரத்தைச் சமமான தார்ச்சாலையில் உருட்டிச் செல்ல ஏறத்தாழ 20 கிலோ இழுவிசை போதும். இளகிய கரிசல் நிலத்திலோ 100 கிலோவும் அதற்கு மேலும் தேவைப்படும். வண்டியின் எடையும் சேர்ந்து பாரம் 6 டன் என்று கொள்வோம். சாலையில் 120 கிலோ விசையால் நகரும் அப்பாரம் வயலுக்குள் 600 கிலோவைக் கேட்கும். இருபது அடிக்கு ஓர் அடி உயரும் மேடு வந்தால், மேலும் 300 கிலோ கூடும். ஆகவே ஈர வயலுக்குள் முழுப்பாரம் ஏற்றாமல், பாதிப் பாரத்தை வரப்போரத்திற்குக் கொண்டுவந்து, அங்கே நிறைத்துக் கொள்வதே சிக்கனம்.

டிரெய்லர் டயரில் காற்றுக் குறைந்தாலும், சக்கரத்தின் பேரிங்கில் கிரீசு வற்றினாலும், சாலையிலும் இழுவை கனத்துவிடும். புறப்படுமுன் இவ்விரண்டையும் பார்ப்பது ஓட்டுநரின் முதற்கடமையாகும்.

அடுத்தது கியர். பாரம் கனக்கும்போது உயர்ந்த கியரிலேயே ஓட்டினால் எஞ்சின் திணறும், கரும்புகை கக்கும். கரும்புகை என்பது எரியாமல் வெளியேறும் எண்ணெயே அன்றி வேறன்று. அத்திணறலில் பிஸ்டனும் பேரிங்கும் அளவுமீறிய அழுத்தத்திற்கு உள்ளாகின்றன. மேடு தொடங்குமுன்பே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வெறும் வண்டியாகத் திரும்பும்போது உயர்ந்த கியரில், ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டலாம். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் பின்னிருந்து தள்ளும் பாரத்தைப் பிரேக் ஒன்றே தாங்க வேண்டி வரும். அது உயிருக்கு ஆபத்தாகும்.

டீசலில் அடங்கிய ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாகிறது. எஞ்சியது வெப்பமாகிப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேற வேண்டும். கரும்புச் சோகையும் பஞ்சுத் துகளும் ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்துவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. நாள்தோறும் அவற்றைத் தூர்த்துவிட வேண்டும். எஞ்சின் கொதித்துவிட்டால், உடனே மூடியைத் திறப்பதும் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடா. முன்னது மேனியைச் சுடும். பின்னது எஞ்சினின் இரும்பை வெடிக்கச் செய்யும்.

ஒரு கிலோ டீசல் முழுதும் எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளில் புழுதிக்குக் குறைவில்லை. காற்று வடிகட்டி அடைபட்டால் எண்ணெய் வீணாகும். வடிகட்டி பழுதுபட்டால் புழுதி உள்ளே புகுந்து சிலிண்டரைத் தேய்த்துவிடும். மசகெண்ணெயின் அளவைக் காலையில், எஞ்சினைக் கிளப்புமுன் பார்த்தல் நலம்.

பாரத்தை அடுக்குவதிலும் கவனம் வேண்டும். டிரெய்லரின் பின்புறம் பாரம் மிகுந்தால் டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து வழுக்கும். முன்புறம் அளவுக்கு மீறினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும்.

ஆலை வாயிலில் வரிசையில் நிற்கும்போது எஞ்சினை ஓடவிடுவது பலர்க்கும் வழக்கம். மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வீதம், நான்கு மணி நேரத்தில் நான்கு லிட்டர் பயனின்றிப் போகும். நெடுநேரம் நிற்க நேரின், இரண்டொரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பின்னர் நிறுத்திவிடுக.

உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு சிறு குறிப்பேட்டில் ஊற்றிய டீசல், ஏற்றிய டன், சென்ற தொலைவு ஆகியவற்றை எழுதி வருதல் நன்று. அதே பாரத்திற்கு, அதே வழியில், செலவு ஏறத் தொடங்கினால் அது பழுதின் முன்னறிவிப்பாகும். இனி, பாரம் இறக்கிய வண்டி வெறுமையாகத் திரும்புவதும் வீணே. உரமூட்டையோ, ஜெயங்கொண்டம் பகுதி நெசவாளர்க்குரிய நூற்கட்டோ ஏற்றத்தக்கதாயின், இருவர் கலந்து பேசி, ஒரு பயணத்தின் எண்ணெயில் இரண்டு வேலைகளை முடிக்கலாம். கூட்டுறவின் பயன் இத்தகைய சிறு ஏற்பாடுகளிலும் விளங்கும்.